கல்லீரலில் பிறந்து வால்வில் படியும் கொழுப்பு

1963-இல் நார்வே மரபியலாளர் கோரே பெர்க், மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த கொழுப்புப் புரதத்தை முயல்களுக்குச் செலுத்தினார். முயல்களின் உடலில் உருவான எதிர்ப்பொருளை எடுத்துப் பலருடைய ரத்தத்தோடு கலந்து பார்த்தார். ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் ரத்தம் மட்டுமே வினைபுரிந்தது. அந்த ரத்தத்தில் இருந்த புதிய பொருள்தான் லிப்போபுரோட்டீன்-ஏ. உண்மையில் அது கிட்டத்தட்ட எல்லோரிடமும் உண்டு. அளவு கூடுதலாக உள்ளவர்கள்தான் அன்றைய சோதனையில் அகப்பட்டார்கள்.

இந்தத் துகள் கல்லீரலில் உருவாகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எல்.டி.எல். போன்ற உருண்டைதான்; கூடவே அப்போபுரோட்டீன்-ஏ என்ற நீளமான புரதம் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு தொங்கும். 1987-இல் அந்தப் புரதத்தின் மரபணுவைப் படித்தபோது, ரத்தக்கட்டியைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜனுக்கு அது நெருங்கிய உறவு என்று தெரிந்தது. 6-ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணுதான் பெரும்பாலும் அளவைத் தீர்மானிக்கிறது. சிறு வயதிலேயே ஒரு நிலைக்கு வந்துவிடும் அந்த அளவு, பெரிய மாற்றமின்றி ஆயுள் முழுக்கத் தொடரும். எண்ணெயைக் குறைத்தாலும் நடைப்பயிற்சி செய்தாலும் அசைந்து கொடுக்காது. நெய்யே தொடாதவருக்கும் எகிறி இருக்கலாம்.

ரத்தத்தில் சுற்றும் துகளின் வழியில்தான் இதயத்தின் மகாதமனி வால்வு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத மூன்று இதழ்கள் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. ரத்த ஓட்டத்தின் விசையைக் காலமெல்லாம் தாங்கும் அந்த இதழ்களின் மேல்தோல் எங்காவது நைந்தால், துகள் உள்ளே நுழைகிறது. அது சுமந்து வரும் ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு அழற்சியைக் கிளப்ப, வால்வின் செல்கள் எலும்பு செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. சுண்ணாம்பு படிகிறது. அறுவை செய்து எடுத்த வால்வுகள் சிலவற்றில் நிஜமான எலும்பையே ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இயல்பாக 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் திறக்கும் வாசல் 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கினால், அது கடுமையான அடைப்பு.

இவ்வளவும் நடந்து முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் பழி முழுவதும் முதுமையின் தலையில் விழுந்தது. 1904-இல் ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் மோங்கெபெர்க் இதை வயதின் தேய்மானம் என்றே விளக்கினார். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வால்வு ஓரளவு தடித்திருக்கும் என்பதால் அந்த விளக்கம் நின்று நிலைத்தது. ஆனால் 1994-இல் கேத்தரின் ஓட்டோ குழுவினர், தொடக்க நிலை வால்வுப் படிவுகளில் கொழுப்பையும் அழற்சி செல்களையும் கண்டார்கள்.

கொழுப்புதான் காரணம் என்றால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போதுமே என்று மருத்துவர்கள் நம்பினார்கள். 2005, 2008, 2010 ஆண்டுகளில் வெளிவந்த மூன்று முக்கியமான சோதனைகளும் கைவிரித்தன. எல்.டி.எல். இறங்கியது, வால்வு சுருங்குவது நிற்கவில்லை. ஸ்டாட்டின் லிப்போபுரோட்டீன்-ஏ-யைக் குறைப்பதில்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. 2013-இல் மரபணு ஆய்வொன்று, இந்தத் துகளின் மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் வால்வில் சுண்ணாம்பு படிவதோடு தொடர்புடையது என்று காட்டியது. மறு ஆண்டு கோபன்ஹேகனில் 77,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு அதற்கு வலு சேர்த்தது.

துகளின் உற்பத்தியைக் கல்லீரலிலேயே தடுக்கும் ஊசி மருந்துகள் ஆய்வுக்கு வந்துவிட்டன. வால்வு முற்றிலும் கெட்டுவிட்டால் மாற்றுவதுதான் வழி. பிரெஞ்சு மருத்துவர் அலெய்ன் கிரிபியே 2002-இல் நெஞ்சைப் பிளக்காமல், ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வு வைத்துக் காட்டியதால், தள்ளாத வயதினருக்கும் இன்று சிகிச்சை உண்டு.

உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு லிப்போபுரோட்டீன்-ஏ அளவு ஒரு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிடச் சராசரி கூடுதல். ஆனால் நம் ஊர் லேப்களில் வழக்கமாக எடுக்கும் லிப்பிட் புரொஃபைலில் இது வராது. தனியாகக் கேட்க வேண்டும். வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் 2022 பரிந்துரை. கூடுதலாக இருந்தால் பிள்ளைகளுக்கும் பாருங்கள். ரத்த அழுத்தம், எல்.டி.எல்., புகை ஆகியவற்றைக் கட்டுக்குள் வையுங்கள். வீட்டுப் பெரியவருக்குப் படியேறும்போது மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல் ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள்.