வெனிலா கேக்கும் எட்மண்ட் என்னும் சிறுவனும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் பிழைப்புத் தேடி வந்தோரின் ஊர்களாக மாறின. அங்கு வாடகைக்குக் குடியேறிய குடும்பங்களில் நம் சமுதாயத்தாரும் உண்டு. சிறிய வீட்டில் ஓவன் இல்லாவிட்டாலும் குக்கர் இருக்கும். அதன் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பிச் சூடேற்றினால் கேக் சுட அதுவே போதும். ஒரு கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, இரண்டு முட்டை, அரை கப் எண்ணெய், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிறிது பால், சில துளி வெனிலா எசன்ஸ். சிறுதீயில் ஏறத்தாழ 40 நிமிடங்களில் வெந்துவிடும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. ரவை, முட்டை, நெய், பால் சேர்த்துச் செய்யும் தம்ரூட்டை நம் பாட்டிமார்கள் மூடியின் மேல் தணலைக் கொட்டித்தான் வேகவைத்தார்கள். நமக்குப் புதிதாய் வந்தது அந்தச் சிறு புட்டி மட்டுமே.

புட்டியைப் பற்றி நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி, அது ஹலாலா என்பதுதான். கேள்வி நியாயமானது. வெனிலாக் காயிலிருந்து எடுக்கும் சாறு வழக்கமாக ஆல்கஹாலில் ஊறவைத்தே பெறப்படுகிறது. அமெரிக்க விதிப்படி அதில் குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். மிகச் சிறிய அளவு குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எசன்ஸ் பெரும்பாலும் காயிலிருந்து வருவதே இல்லை. 1874-இல் டீமன், ஹார்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஊசியிலை மரச்சாற்றிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு வெனிலினை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த செயற்கை மணமே அது. அதைக் கரைக்கப் பயன்பட்ட திரவம் எது என்பதை லேபிளில் பார்த்துக்கொள்வதே முறை. ஐயம் தீராதவர்களுக்கு ஏலக்காய் இருக்கவே இருக்கிறது. தம்ரூட் வெனிலாவைக் கேட்டதில்லை.

இனி, அந்த மணத்தின் மூலமான காயின் கதை. வெனிலா மெக்சிகோவின் கொடி. அதன் பூ ஒரு நாள் மட்டுமே மலர்ந்திருக்கும். மகரந்தத்தையும் சூல்முடியையும் ஒரு மெல்லிய சவ்வு பிரித்து வைத்திருப்பதால் தானாகக் காய்ப்பது அரிது. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரியூனியன் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட கொடிகள் பூத்தன, காய்க்கவில்லை. 1836-இல் பெல்ஜிய அறிஞர் சார்ல்ஸ் மோரன் கையால் மகரந்தம் சேர்த்துக் காட்டினார் என்பது உண்மை. ஆயினும் தோட்டங்களுக்கு ஏற்ற எளிய முறை அதன்பின் ஐந்தாண்டுகள் கழித்தே கிடைத்தது. 1841-இல் அத்தீவின் ஒரு தோட்டத்தில், எட்மண்ட் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் அந்தச் சவ்வைத் தூக்கி, பெருவிரலால் மகரந்தத்தை அழுத்தி ஒட்டினான். சில நொடி வேலை. இன்றும் மடகாஸ்கர் தோட்டங்களில் ஒவ்வொரு பூவுக்கும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள்.

தீவின் பண்ணையாளர்கள் செல்வந்தர்களாயினர். ரிஷார் என்னும் தாவரவியலாளர், அம்முறையைத் தாமே முன்னர் கற்பித்ததாக உரிமை கோரினார். எட்மண்டின் எஜமானரான பெல்லியே-போமோன் அதை மறுத்து, கண்டறிந்தவன் சிறுவனே என்று எழுத்தில் பதிந்தார். அந்த ஒரு நேர்மையால்தான் அவன் பெயர் நம்மிடம் எஞ்சியிருக்கிறது. ஆனால் அதே மனிதர், அடிமை முறை ஒழியும்வரை அவனைத் தம் உடைமையாகவே வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1848-இல் விடுதலை வந்தபோது, அதுவரை குடும்பப் பெயரே இல்லாதிருந்த எட்மண்டுக்கு ஆல்பியஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. கூலியாகவோ பங்காகவோ எதுவும் வரவில்லை. விடுதலை பெற்றோர் விட்டுச்சென்ற தோட்ட வேலைகளுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ரியூனியனில் வாழ்கிறார்கள். எட்மண்ட் ஆல்பியஸ் 1880-இல் வறுமையில் இறந்தார்.