அழைத்தது அலையா, மணமா?

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் செரினியான் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஏறத்தாழ ஒரு எக்டேர் பரப்புள்ள தோட்டத்தோடு கூடிய வீடொன்றை 1879ஆம் ஆண்டில் வாங்கிக் குடியேறினார் ழான் ஆன்றி ஃபாபர் (1823–1915). அவர் முன்னர் அவினியான் நகரில் இயற்பியலும் வேதியியலும் கற்பித்த ஆசிரியர். எஞ்சிய வாழ்நாளைத் தம் தோட்டத்துப் பூச்சிகளைக் கவனிப்பதிலேயே கழித்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மே மாதக் காலையில், அவர் வீட்டில் வைத்திருந்த கூட்டிலிருந்து பெரிய மயில் அந்துப்பூச்சி ஒன்று வெளிவந்தது. அது பெண்பூச்சி. ஃபாபர் அதைக் கம்பிவலைக் கூண்டில் வைத்தார். அன்றிரவு ஒன்பது மணியளவில் சுமார் நாற்பது ஆண்பூச்சிகள் இருளில் வீட்டைத் தேடி வந்தன! எட்டு இரவுகளில் வந்தவை நூற்றைம்பது. அவ்வட்டாரத்தில் அப்பூச்சி அரிதானது. உணவே உண்ணாமல் சில இரவுகளே வாழும் ஆண்பூச்சிகள், அதற்குள் துணையைக் கண்டறிவது எவ்வாறு?

மின்காந்த அலைகளை ஹெர்ட்ஸ் 1888இல் மெய்ப்பித்திருந்தார். கம்பியில்லாத் தந்தியும் பிறந்துவிட்டது. பூச்சிகளும் அவ்வாறே அலைகளால் செய்தி அனுப்புகின்றனவோ என்று ஃபாபர் எண்ணினார். எண்ணியதோடு நில்லாமல் சோதித்தார். தகரம், மரம், அட்டை, கண்ணாடி ஆகியவற்றாலான பெட்டிகளில் பெண்பூச்சியை இறுக மூடி வைத்தார். ஓர் ஆண்பூச்சியும் வரவில்லை. சிறிது இடைவெளி விட்டு மூடினால் வந்தன. குப்பியின் வாயைத் தடித்த பஞ்சால் அடைத்தாலே வருகை நின்றது. உலோகம் அலையைத் தடுக்கும். மரமும் பஞ்சும் தடுப்பதில்லை. ஆகவே அலைக் கருத்து வீழ்ந்தது.

பின்னர் வேறோர் அந்துப்பூச்சி இனத்தில் இன்னும் தெளிவான சான்று கிடைத்தது. பெண்பூச்சியைச் சன்னலருகே கண்ணாடிக் கூண்டில் எல்லாரும் காண வைத்தார். அது இரவு தங்கியிருந்த மணல் தட்டு அறையின் மூலையில் கிடந்தது. உள்ளே வந்த ஆண்பூச்சிகள் பெண்பூச்சியைப் பொருட்படுத்தாமல் தட்டையே மொய்த்தன. அழைத்தது மணம்தான்!

எனினும் ஃபாபருக்கு ஓர் ஐயம் எஞ்சியது. கண்ணுக்கும் நம் மூக்கிற்கும் எட்டாத அணுவளவு பொருள் அத்தனை தொலைவு பரவ இயலுமா? இதற்கு விடை 1959இல் கிடைத்தது. ஜெர்மானிய வேதியியலறிஞர் புட்டெனாண்ட் குழுவினர் சுமார் ஐந்து இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் கவர்ச்சிப் பொருளைப் பிரித்தெடுத்தனர். ‘பாம்பிகால்’ என்பது அதன் பெயர். அதன் ஒரே மூலக்கூறு ஆண்பூச்சியின் உணர்கொம்பிலுள்ள ஓர் உணர்செல்லைத் தூண்டப் போதும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இன்று நம் பருத்தி வயல்களில் இனக்கவர்ச்சிப் பொறிகள் தொங்குவதைக் காணலாம். காய்ப்புழுவின் ஆண் அந்துப்பூச்சிகளை அவை இம்முறையிலேயே ஈர்க்கின்றன. ஃபாபரிடம் இருந்த கருவிகளோ சில பெட்டிகளும், கண்ணாடிக் கூண்டும், ஒரு பிடி பஞ்சும் மட்டுமே.