காந்தம் எனப் பெயர் பெற்ற வைத்தியசாலைகள்

1919ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் வோல்டோர்ஃப் அஸ்ரோரியா ஹோட்டலில் கூடியிருந்த அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கல்லூரியினர், தாமே தயாரித்த ஒரு பட்டியலை அந்த ஹோட்டலின் உலையிலிட்டு எரித்தனர். நூறு கட்டில்களுக்குக் குறையாத 692 வைத்தியசாலைகளை அவர்கள் பரிசோதித்திருந்தார்கள். தேறியவை 89 மாத்திரமே. தேறாதவற்றுள் நாட்டின் பேர்பெற்ற வைத்தியசாலைகளும் அடங்கியிருந்தன. பட்டியல் பத்திரிகையாளர் கையில் அகப்பட்டுவிடக்கூடாதே என்ற அச்சமே அந்த எரிப்புக்குக் காரணம். (எமது தொழிலுக்குக் கிடைத்த மறைமுகமான மரியாதைகளில் இதுவும் ஒன்று.)

வைத்தியசாலைகளுக்குத் தராதரச் சான்று வழங்கும் முறையின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சம்பவத்திலிருந்தே சொல்லப்படுவதுண்டு. ஆனால் 1917இல் அக்கல்லூரி வகுத்த ‘ஆகக்குறைந்த தராதரம்’ என்ன கேட்டது என்பதையும் பார்க்கவேண்டும். வைத்தியர் குழுவின் ஒழுங்கமைப்பு, அவர்களது தகைமை, அவர்கள் கூடி ஆராயவேண்டிய முறை, நோயாளர் பதிவேடுகள், ஆய்வுகூட மற்றும் எக்ஸ்ரே வசதி ஆகிய ஐந்துமே அதில் இருந்தன. நோயாளியின் கட்டிலருகே இரவு முழுவதும் விழித்திருப்பவரைப் பற்றி அந்த ஐந்தில் ஒன்றும் பேசவில்லை. 1951இல் இப்பணியைப் பொறுப்பேற்கும் பொருட்டுக் கூட்டு ஆணைக்குழு உருவானது. எனினும் தாதியத்தை மாத்திரம் தனியே எடுத்து மதிப்பிடும் எண்ணம் தோன்ற மேலும் மூன்று தசாப்தங்கள் பிடித்தன.

அந்த எண்ணமும் தாதியர் மீதான மதிப்பினால் பிறந்ததன்று. தாதியர் கிடைக்காமையினால் பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் தாதியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. ஏன் விலகிச் செல்கிறார்கள் என்றே எல்லோரும் விசாரித்துக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்கத் தாதியக் கழகம் அக்கேள்வியைப் புரட்டிப் போட்டது. சில வைத்தியசாலைகளில் மாத்திரம் தாதியர் ஏன் நிலைத்து நிற்கிறார்கள்? மார்கரெட் மெக்ளுவர், மியூரியல் பூலின், மார்கரெட் சோவி, மேபல் வாண்டெல்ற் ஆகிய நால்வர் இதனை ஆராய்ந்தனர். முன்மொழியப்பட்ட 160க்கும் மேற்பட்ட வைத்தியசாலைகளிலிருந்து 41 தெரிவாயின. தாதியர் தாமே நல்ல வேலையிடம் என்று கருதுவது, ஆட்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் கூடியது, அயலில் போட்டிக்கு வேறு வைத்தியசாலைகள் இருப்பது என்பன நிபந்தனைகள். மூன்றாவது நிபந்தனை கூர்மையானது. போக வேறிடம் இல்லாததால் தங்கியிருப்பவரைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாதல்லவா!

தாதியப் பணிப்பாளர்களையும் சாதாரண தாதியரையும் வெவ்வேறாக அமர்த்திப் பேசவைத்தார்கள். மேலதிகாரி முன்னிலையில் யார்தான் உண்மை பேசுவார்? 1983இல் வெளிவந்த முடிவுகளில் சம்பளம் மாத்திரம் முதன்மை பெறவில்லை. போதிய ஆளணி, இணக்கமான கடமை நேரம், தமது தொழில் சார்ந்த தீர்மானங்களைத் தாமே எடுக்கும் உரிமை, வைத்தியர்களுடனான மதிப்பான உறவு, மேல்மட்ட நிர்வாகத்தில் தாதியப் பணிப்பாளருக்கு ஓர் ஆசனம் என அவை விரிந்தன. ஈர்த்து வைத்திருப்பதால் இவ்வைத்தியசாலைகள் ‘மக்னெற்’, அதாவது காந்தம், எனப்பட்டன.

இந்தக் காந்தம் நோயாளியின் உயிரையும் பிடித்து வைக்கிறதா என்று கேட்டவர் லிண்டா எய்கன். அந்த 41இல் 39 வைத்தியசாலைகளை, ஏனைய அம்சங்களில் அவற்றையொத்த 195 வைத்தியசாலைகளுடன் ஒப்பிட்டு 1994இல் அவர் தமது ஆய்வை வெளியிட்டார். முதியோருக்கான அரச காப்புறுதித் திட்டத்தின்கீழ் சிகிச்சை பெற்றவர்களிடையே, காந்த வைத்தியசாலைகளில் மரண வீதம் 4.6 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த 39க்கும் அப்போது எவரும் சான்றிதழ் கொடுத்திருக்கவில்லை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

சான்றிதழ் பின்னரே வந்தது. அமெரிக்கத் தாதியர் சான்றளிப்பு நிலையத்தின் திட்டத்தின்கீழ் 1994இல் சியாற்றிலிலுள்ள வோஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் முதலாவது அங்கீகாரத்தைப் பெற்றது. நான்கு வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். 2013இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, அங்கீகாரம் பெற்றவற்றில் சத்திரசிகிச்சை நோயாளர் மரணமடையும் சாத்தியம் 14 சதவீதம் குறைவு என்றது. பட்டயம் நல்ல வைத்தியசாலையை உண்டாக்குகிறதா, ஏற்கனவே நல்லதாயிருப்பதைத் தேடிச் செல்கிறதா என்ற கேள்வி இதனால் தீரவில்லை. கலிபோர்னியாவிலும் மசாசூசெற்ஸிலும் தாதியர் தொழிற்சங்கங்கள் இதனை நிர்வாகங்களின் விளம்பரக் கருவி என்று சாடியிருக்கின்றன. அதனை வெறும் பொறாமைப் பேச்சாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

செய்தி அறையில் நான் இருந்த காலம் முழுவதும், தாதியர் வேலைநிறுத்தம் என்றால் முதற்பக்கம் ஒதுக்குவோம். வேலையில் இருக்கும் தாதியரைப் பற்றி எழுத ஒருவரையும் அனுப்பியதில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே முதலில் இந்த அங்கீகாரம் பெற்றது பெரிய நகரத்து வைத்தியசாலை ஒன்றன்று. இங்கிலாந்தின் வடக்கே, ஆலைத் தொழிலாளர் ஊரான ரொச்டேலின் வைத்தியசாலையே 2002இல் அதனை அடைந்தது. அங்கீகாரத்துக்கான முயற்சியின்போது தாதியரின் பணிச்சூழல் மேம்பட்டதையும் ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். அதே ஆண்டில் நிர்வாக மறுசீரமைப்பில் அது அயல் வைத்தியசாலைகளுடன் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டது. அங்கீகாரம் அத்துடன் நிலைக்கவில்லை.