பெட்டிப் பட்டமும் பிளாஸ்டிக் விமானமும்



ஆகாய விமானம் என்றதும் நமக்குச் சிப்பாங் விமான நிலையமும் பெரிய ஜெட் விமானமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சிங்கப்பூர் வானத்தில் முதன்முதலில் ஏறியது மரச்சட்டம், துணி, கம்பி இவற்றால் கட்டிய ஒரு கூண்டு. 1911 மார்ச் 16-இல், ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து அதை ஓட்டிக் காட்டியவர் ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜியக்காரர். விமானத்தின் பெயர் பிரிஸ்டல் பாக்ஸ்கைட், அதாவது பெட்டிப் பட்டம். பார்வைக்கும் அப்படித்தான் இருக்கும்.

நம் பள்ளிக் கண்காட்சியில் மாணவர்கள் ஒட்டி வைத்திருப்பது இந்த விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரிதான். "இந்தப் பழைய வண்டியைப் போய் ஏன் வாத்தியாரே செய்யச் சொன்னீங்க?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

பாக்ஸ்கைட் முதலில் பறந்தது 1910 ஜூலையில், இங்கிலாந்தில். அதே 1910-இல்தான் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை ஓங்கியது. அதே வருஷம் லண்டன் சந்தையில் ஒரு இறாத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் போனது. மோட்டார் கார் டயருக்காக உலகமே ரப்பர் தேடிய காலம். நாகப்பட்டணத்தில் கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டன்மார் காட்டை அழித்துப் பால்மரம் நட்டதும் அந்தக் காலத்தில்தான். பாக்ஸ்கைட்டின் சக்கரங்களுக்கும் ரப்பர் டயர்தான். தரையில் இறங்கும்போது அதிர்ச்சி தாங்குவதற்குச் சக்கரங்களை ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அது நம் தோட்டத்துப் பால் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்றால், பிரேசில் காட்டு ரப்பரும் அப்போது சந்தையில் நிறைய இருந்தது. தோட்ட ரப்பர் அதை முந்தியது 1913, 14 வாக்கில்தான்.

ஏன் இரண்டடுக்குச் சிறகு? அன்றைய இன்ஜின் 50 குதிரைச் சக்திதான். நம்ம ஐந்தாறு கப்சாய் மோட்டார் சைக்கிளைச் சேர்த்துக் கட்டினால் வரும் பலம். அவ்வளவு சொற்ப பலத்தில் ஆளைத் தூக்க அகலமான சிறகு வேண்டும். அகலமாய்ச் செய்தால் ஒடியும். அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிறகு வைத்து, நடுவே கால் நாட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்தார்கள். ரயில் பாலத்து இரும்புச் சட்டம் எப்படிப் பலம் பெறுகிறதோ, அதே தந்திரம். இன்ஜின் பெயர் நோம்; சுழலும்போது சிலிண்டர்களும் கூடவே சுற்றும். அதற்கு ஊற்றிய எண்ணெய், நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்தாலே ஓடும் விளக்கெண்ணெய்!

இனிப் பெட்டிக்கு வருவோம். 1965-இல் பழைய விமானப் பந்தயத்தைப் பற்றி ஒரு ஆங்கிலச் சிரிப்புப் படம் வந்தது. அதற்காக பாக்ஸ்கைட்டை நிஜ அளவிலேயே மூன்று செய்தார்கள். அவற்றில் ஒன்று இங்கிலாந்தில் ஷட்டில்வர்த் காட்சிசாலையில் பறக்கும் நிலையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. படத்தின் சூட்டோடு இன்பேக்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 48-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் பெட்டிகள் வெளியிட்டது. முப்பத்து நாலரை அடிச் சிறகு அதில் ஒரு சாண் அளவுக்கு வரும். கம்பெனி போனாலும் எஃகு அச்சு போவதில்லை. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தினால் நாற்பது வருஷம் கழித்தும் அதே விமானம் பிறக்கும். அதனால் அச்சு கைமாறி, பைரோ, லிண்ட்பர்க் என்று வேறு அமெரிக்கப் பெயர்களில் இன்பேக்ட் பெட்டிகள் மறுபடி மறுபடி வந்தன. ஃபிராக் கம்பெனியின் கதை இதைவிட வேடிக்கை: 1970-களில் அதன் அச்சுகள் பல சோவியத் ரஷ்யாவுக்கே போய்ச் சேர்ந்தன! ஃபிராக் செய்த விக்கர்ஸ் விமி, 1919-இல் ராஸ் ஸ்மித் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிப் போன விமானம். தாய்லாந்துச் சிங்கோராவிலிருந்து கிளம்பி, டிசம்பர் 4-இல் சிங்கப்பூரில் இறங்கியது. வழி நெடுக மலாயா. பால் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் சிலராவது அந்தச் சத்தத்தைக் கேட்டு அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்களா!

பழைய அச்சு என்றால் தேய்மானமும் உண்டு. பாகங்களின் ஓரத்தில் பிசிறு நிற்கும். பிளேடால் சீவ வேண்டும். கம்பிக்குப் பதில் தங்கூசி நூலைக் கட்டினோம். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர்தான் கடைசிவரை பொறுமையாகக் கட்டினார்கள். பையன்கள் பசை ஒட்டுவதோடு சரி.

பெட்டியில் கிடைக்காத விமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1910 மார்ச்சில், பாக்ஸ்கைட்டுக்கும் முன்னால், சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு இரட்டைச் சிறகு விமானம் பறந்தது. வடிவமைத்தவர் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டாஞ்செலிஸ். கட்டியது குதிரை வண்டி செய்து பேர்வாங்கிய சிம்ப்சன் பட்டறை. இந்த இரண்டு பெயர்களைத்தான் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. மரம் இழைத்த தச்சர்களும் துணி தைத்தவர்களும் நம் ஊர்க்காரர்களாகத்தானே இருந்திருப்பார்கள்? தோட்டத்துச் சரித்திரத்திலும் கம்பெனி பேரும் துரை பேரும் நிற்கின்றன. மரம் வெட்டியவன் பேர் நிற்பதில்லை. அடுத்த ஆண்டு மூங்கிலும் டிஷ்யூ தாளும் வைத்து அந்தப் பல்லாவரத்து விமானத்தை நாமே செய்து பார்க்க இருக்கிறோம். ராசாவில் மூங்கில் சீவத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், சனிக்கிழமை காலையில் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.