விண்ணப்பம்: 112 அடி மனுவிலிருந்து ராசிங்காபுரம் வரை



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவர்களின் பெருமையைப் பேசிக் கலைவது வழக்கம். நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது பெருமையை மட்டும் அல்ல, முடியாத வேலைகளையும்தான். அவற்றில் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறோம். தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வும், அதற்கு முன்னால் நிற்கிற விண்ணப்பப் படிவமும்தான் நம் பொருள். நுழைவுத்தேர்வைப் பற்றி இரண்டு தலைமுறையாகப் பேசுகிறோம். அந்தத் தேர்வுக் கூடத்து வாசல்வரை போவதற்கே நம் பிள்ளைகள் எழுதவேண்டிய இன்னொரு தேர்வைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை.

தமிழில் 'விண்ணப்பம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. கல்லூரியில் இடம் கேட்டு நிரப்புவதும் விண்ணப்பம். அரசிடம் நியாயம் கேட்டு எழுதுவதும் விண்ணப்பம். நம் வரலாற்றில் இரண்டும் பிரிந்து இருந்ததே இல்லை.

1. முதல் விண்ணப்பம்

1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இலண்டனில் நடத்தும்போதே இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. கேட்பதற்கு நியாயமான கோரிக்கை. அதை எதிர்த்துச் சென்னையில் கூட்டம் கூட்டி, நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியவர் ரெட்டைமலை சீனிவாசன். மனுவின் நீளம் 112 அடி, அதில் கையெழுத்து இட்டவர்கள் 3412 பேர் என்று தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

அந்த மனுவை வெள்ளைக்காரனுக்குச் செய்த ஊழியம் என்று சொல்லிக் கடந்துபோனவர்கள் உண்டு. நாம் அதை வேறுவிதமாகப் படிக்கவேண்டும். பள்ளிக்கூடமே திறக்காத ஒரு சமூகத்துக்கு முன்னால் தேர்வை மட்டும் திறந்துவைத்தால், ஏற்கெனவே படித்த சாதியிடம்தான் ஆட்சி போய்ச்சேரும் என்பதே அவர் எழுப்பிய வாதம். தேர்வுக்கு அஞ்சி அவர் அதைச் சொல்லவில்லை. தேர்வுக்கு முன்னால் என்ன இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். 130 ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கேள்விக்குத் தேதி காலாவதி ஆகவில்லை.

2. விண்ணப்பிக்காதவரின் வழக்கு

1920களின் வகுப்புவாரி அரசாணையில் 12 இடங்களுக்கு ஓர் இடம் நமக்கு. விடுதலைக்குப்பின் அது 14க்கு 2 ஆனது. சென்னை மாகாணத்து மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் சேர்க்கை இந்தக் கணக்கில்தான் நடந்தது.

1950இல் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விவரம் இருக்கிறது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக மனுவில் எங்கும் சொல்லவில்லை. விசாரித்தபோது தமக்கு இடம் கிடைக்காது என்று தெரியவந்ததாகவே சொல்லியிருந்தார். நீதிமன்றம் அதைப் பெரிதுபடுத்தாமல் வழக்கைக் கேட்டது, தீர்ப்பும் தந்தது.

படிவமே நிரப்பாத ஒருவரின் குறை, மாகாணம் முழுமைக்குமான அரசாணையை வீழ்த்தப் போதுமாக இருந்தது. பெரியாரும் மற்றவர்களும் நடத்திய போராட்டத்தின் அழுத்தத்தில், அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அந்த ஆண்டிலேயே முதல் திருத்தம் வந்தது. 15(4) பிறந்தது. நம் பிள்ளைகள் இன்று நிரப்புகிற இட ஒதுக்கீட்டுக் கட்டம் அந்தப் போராட்டத்தின் சொத்து.

3. வாசல் மாறியது, வாயிற்காவலர் மாறவில்லை

அடுத்து நேர்காணல் காலம். மருத்துவச் சேர்க்கையில் நேர்காணலுக்குத் தனி மதிப்பெண் இருந்தது. பேச்சு, உடை, தகப்பன் பெயர் எல்லாம் மேசைக்கு வந்தன. மாவட்டவாரியாக இடங்களைப் பிரித்துக் கொடுத்த முறையை 1968இல் உச்ச நீதிமன்றம் இராஜேந்திரன் வழக்கில் நீக்கியது. பின்தங்கிய மாவட்டத்துக்கு இருந்த சிறு பிடிமானம் அதோடு போனது.

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத்தேர்வு வந்தது. நேர்காணலின் ஊழலுக்கு மருந்து என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகம் அதை நடத்தியது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக 300. இரண்டு ஆண்டுப் படிப்புக்கு இரண்டு பங்கு, ஓரிரு நாள் தேர்வுக்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைச் சுற்றி நகரங்களில் பயிற்சி மையங்கள் முளைத்தன. பாடநூலை மட்டும் நம்பிய அரசுப் பள்ளி மாணவர் அங்கேதான் சறுக்கினார்.

2005 ஜூனில் ஜெயலலிதா அரசு அதை ரத்து செய்தது, உயர் நீதிமன்றம் தடுத்தது. சட்டமாகக் கொண்டுவந்தார்கள், 2006 பிப்ரவரியில் அதுவும் நிற்கவில்லை. அதன்பின் வந்த கருணாநிதி அரசு மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையின் பேரில் புதிய சட்டம் இயற்றியது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உயர் நீதிமன்றமும் ஏற்றது. பொறியியலுக்கு இன்றும் அந்தச் சட்டம்தான் காவல். மருத்துவத்துக்கு அந்தக் காவலை நீட் உடைத்துவிட்டது.

4. மலையின் இரண்டு பக்கம்

சட்டத்தின் கதை சென்னையிலும் தில்லியிலும் நடக்கிறது. படிவத்தின் கதை ஊரில் நடக்கிறது. அதனால் போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் பக்கம் உள்ள ராசிங்காபுரத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கே மலை, மலைக்கு அந்தப்பக்கம் கேரளம். போடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து, இருட்டியபின் இறங்குகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். மழை பிடித்தபின்தான் காய் எடுப்பு மும்முரம். சித்திரை, வைகாசியில் கையில் காசு ஓட்டம் குறைவு. விண்ணப்பக் காலம் அந்த மாதங்களில்தான் வருகிறது.

சில குடும்பங்கள் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிடுகின்றன. பிள்ளைகள் இடுக்கி மாவட்டத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். இங்கிருந்துதான் படிவம் ஒரு வலையாக மாறுகிறது.

எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர் இங்கே பொறியியலுக்கு விண்ணப்பிக்க, தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கு இருப்பிடச் சான்று வைக்கவேண்டும். சரி, கேரளத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்றால், அங்கே பொறியியலுக்கு இன்றும் மாநில நுழைவுத்தேர்வு உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள நுழைவுத்தேர்வு ஆணையர் அதை நடத்துகிறார். அந்தப் படிவத்தில் சாதிக் கட்டத்தை நிரப்பும்போது, முன்னோர் 1950க்கு முன்பே அங்கு குடியேறியதற்குச் சான்று கேட்கிறார்கள். ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்பது 1990இல் உச்ச நீதிமன்றம் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது.

1956 நவம்பர் 1இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. எல்லைக்கோடு மலையைப் பிரித்தது, கூலியைப் பிரிக்கவில்லை. காலையில் எல்லை தாண்டிக் காய் எடுக்கப் போகிறவரிடம் யாரும் சாதிச் சான்று கேட்பதில்லை. அவர் மகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் இரண்டு மாநிலமும் கேட்கிறது.

இந்தப்பக்கமே படித்தாலும் கட்டங்கள் தீர்வதில்லை. பட்டியல் சாதிச் சான்று வட்டாட்சியர் தருவது. பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர்வரை போகவேண்டும். இந்த மலைச்சரிவில் வாழும் பளியர் பிள்ளைகளுக்கு அந்த ஒரு தாளே பல ஆண்டு அலைச்சல். 'மதம்' என்ற கட்டம் இன்னொரு பொறி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரான தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார். சேரியில் அதே தெரு, அதே கிணறு, படிவத்தில் மட்டும் வேறு பிரிவு. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை.

கலவரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். 1989இல் போடிப் பகுதியில் நடந்த சாதிக் கலவரத்தை உயிர்ச்சேதத்தால் அளக்கிறோம், எரிந்த வீடுகளால் அளக்கிறோம். வீடு எரிந்தால் தகரப் பெட்டியும் எரியும். அதற்குள் இருக்கிற மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் எரியும். அந்த இழப்பை எந்த விசாரணை அறிக்கையின் பட்டியலில் தேடுவது?

5. சலுகைக்கும் ஒரு சான்று

பொறியியல் விண்ணப்பத்தைத் தாளாக விற்ற காலத்தில் விலை 500 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 250. பாதி விலைக்கு வாங்கச் சாதிச் சான்றின் சான்றொப்பமிட்ட நகலைக் காட்டவேண்டும். சான்று கைக்கு வராதவர் முழு விலை கொடுக்கவேண்டும். ஏழைக்குத் தந்த சலுகை, தாள் சேர்க்கத் தெரிந்த ஏழைக்கு மட்டும் ஆனது.

1997இல் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தபின் பிள்ளையும் தகப்பனும் சென்னை கிண்டிவரை போனார்கள். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் இருவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். இழந்த கூலிக்கு யாரும் பாதி தருவதில்லை. போடிக்கு இருந்த மீட்டர் கேஜ் ரயிலும் 2010 முடிவில் நின்றது, அகலப்பாதையாகிப் போடிக்குத் திரும்ப 2023 ஜூன் ஆனது. 2018இல் கலந்தாய்வு இணையவழி ஆனது. பயணம் குறைந்தது. கைபேசியும் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் புதிய வாயிற்காவலர்களாக வந்து நின்றன.

சேர்ந்தபின்னும் தாள்தான். 2012இன் அரசாணை 92, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தைத் தனியார் கல்லூரியிலும் அரசே ஏற்க வழி செய்தது. அந்த எண்ணைச் சொல்லத் தெரிந்த குடும்பத்திடம் கல்லூரி பேசும் தொனியே வேறு. தெரியாத குடும்பம் வட்டிக்கு வாங்கிக் கட்டியது.

6. விண்ணப்பித்தவரின் வழக்கு

2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். உச்ச நீதிமன்ற வழக்கில் தம்மையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டார். 1950இல் விண்ணப்பிக்காதவரின் குரல் கேட்டது. 2017இல் விண்ணப்பித்து, படித்து, மதிப்பெண்ணும் வாங்கி, தில்லிவரை போனவரின் குரல் கேட்கவில்லை. செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம்.

2018இல் தமிழ்நாட்டு மாணவர் பலருக்குக் கேரளத்திலும் இராஜஸ்தானிலும் நீட் மையம் ஒதுக்கினார்கள். அவ்வாண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. 2019இல் ஆள்மாறாட்டத்தின் மூலம் சேர்ந்தவர் பிடிபட்டது எங்கே? நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில். தகுதியைக் காக்க வந்த தேர்வின் தகுதி அப்படி.

2021இல் ஏ.கே. ராஜன் குழு, அரசுப் பள்ளி, தமிழ்வழி, கிராமப்புற மாணவர்களின் இடங்கள் நீட்டுக்குப் பின் சரிந்ததைக் காட்டியது. சட்டமன்றம் இருமுறை மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். இடையே 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 400 அரசுப் பள்ளி மாணவர்களை மருத்துவ, பல் மருத்துவ வகுப்புக்குக் கொண்டுபோனது. அது போராட்டத்தின் பலன், ஆட்சியாளரின் கொடை அல்ல.

7. எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

நீட் போகவேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் நீட் போனால் நாம் 2016க்குத் திரும்புவோம். 2016 நமக்குப் பொற்காலமா? மதிப்பெண் தொழிற்சாலைகளாக நடந்த உறைவிடப் பள்ளிகள் மருத்துவ இடங்களை அள்ளிய காலம் அது. அங்கே கட்டணம் கட்டும் வசதி ஏலக்கூலிக்கு இல்லை. நுழைவுத்தேர்வு ஒழிப்பு ஒரு சுவரை இடிக்கும். சுவருக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தை நிரப்பாது. 1893இல் ரெட்டைமலையார் சுட்டியது அந்தப் பள்ளத்தைத்தான்.

ஆகவே மேடையில் தீர்மானம் போடுவதோடு, கைக்கெட்டிய வேலையையும் தொடங்கவேண்டும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் தேடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியின் வழியாக வழங்கச் சொல்லிப் போராடுவோம். இரண்டு மாநிலத்துக்கும் இடையில் தொங்கும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, பெற்றோரின் சொந்த ஊர்ச் சான்றை இரு அரசுகளும் ஏற்க ஒப்பந்தம் கேட்போம். நம் மாணவர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஊர்ச் சாவடியிலோ சமுதாயக் கூடத்திலோ உட்கார்ந்து, ஜீப் இறங்கும் நேரத்தில், இரவு எட்டு மணிக்கு, படிவம் நிரப்பித் தரட்டும். அலுவலக நேரத்தில் ஏலத்தோட்டத்துத் தாய் வரமாட்டார்.

112 அடி மனுவில் கையெழுத்து இட்டவர்களில் எத்தனை பேர் கல்லூரியைப் பார்த்திருப்பார்கள்? தாம் எழுத முடியாத தேர்வைப் பற்றி, தம் பேரப்பிள்ளைகளுக்காக விண்ணப்பித்தார்கள். அந்த மனுவின் 3413ஆவது கையெழுத்தை நாம் போடவேண்டும்.

ஜெய்பீம்.