உர்க்குவார்ட்டின் சூயஸ் நினைவுகள்

ஐ.நா. ராஜதந்திரி பிரையன் உர்க்குவார்ட் (1919–2021), அந்த அமைப்பின் முதல் ஆயுதமேந்திய அமைதிப் படையை உருவாக்கிய பணி பற்றித் தம் தன்வரலாற்றில் (1987) தரும் பதிவு. 1956 சூயஸ் நெருக்கடியின்போது, எகிப்திலிருந்து பிரித்தானிய, பிரெஞ்சு, இஸ்ரேலியப் படைகள் விலகுவதை மேற்பார்வையிட ஐ.நா. அவசரப் படை நிறுவப்பட்டது. கனடாவின் லெஸ்டர் பியர்சன் முன்மொழிந்தார், ஈ. எல். எம். பர்ன்ஸ் தலைமை ஏற்றார். இந்தியாவும் வீரர்களை அனுப்பியது. பதிவில் மிகவும் அறியப்பட்ட பகுதி தலைக்கவசம் பற்றியது. போரிட்ட படைகளிலிருந்து ஐ.நா. வீரரைப் பிரித்துக்காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. நீலத் தொப்பிகள் வந்துசேர வாரக்கணக்காகும் என்பதால், ஐரோப்பாவில் கிடைத்த அமெரிக்கத் தலைக்கவசங்களின் நெகிழி உள்ளுறைகளுக்கு நீல வண்ணம் தெளித்துக் கொடுத்தனர். நெருக்கடியில் பிறந்த இந்த நீலத் தலைக்கவசமே பின்னர் ஐ.நா. அமைதிப் படையினரின் பெயராக நிலைத்தது. முதல் அணி நவம்பர் 15 அன்று எகிப்தில் இறங்கியது. படை 1967இல் விலக்கப்பட்டது.