குறைந்துபோன 320 அடி

போர்ட் பிளேயரில் விமான ஓடுபாதைக்கு வித்திட்டது இரண்டாம் உலகப் போர். தீவைப் பிடித்த ஜப்பானியர், உள்ளூர் மக்களைக் கட்டாய வேலை வாங்கிப் போட்ட பாதை அது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் ஒரு போர்க்கால ஓடுபாதை இருந்தது. அந்தமானில் விமானம் நிலைத்தது. சோழவரத்தில் காரும் பைக்கும் பல்லாண்டு பறந்தன, 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை.

அமெரிக்காவிலும் டிராக் ரேஸ் வளர்ந்தது இப்படிப்பட்ட பாதைகளில்தான். வளைவே கிடையாது, இரண்டு கார்கள், ஒரு நேர்கோடு. தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. 1955இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில், பழைய ராணுவ விமானதளம் ஒன்றில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதற்குப் பிறகு கால் மைல் வேதவாக்கு ஆயிற்று.

அந்தக் கால் மைலிலேயே வளர்ந்தவர் மிச்சிகனைச் சேர்ந்த கானி கலிட்டா. 1967இல் இரட்டை எஞ்சின் செஸ்னா ஒன்றில் கார் உதிரி பாகங்களை ஏற்றிப் பறக்க ஆரம்பித்தார். அவருடைய தளமான வில்லோ ரன் விமான நிலையம், போரின்போது ஃபோர்டு நிறுவனம் குண்டுவீச்சு விமானங்களைச் செய்து குவித்த இடம். சரக்கு வேலை போயிங் 747 வரை வளர்ந்தது. ரேஸையும் அவர் விடவில்லை. 1989இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, டிராக் ரேஸில் மணிக்கு 290 மைல் வேகத்தை முதன்முதலில் தொட்டவர் அவர்தான். மகன் ஸ்காட் 1994, 1995 இரண்டு ஆண்டுகளிலும் டிராக் ரேஸின் டாப் ஃப்யூயல் பிரிவில் சாம்பியன்.

பிறகு வந்தது 2008. மே 25 அன்று பிரஸ்ஸல்ஸில் கலிட்டாவின் 747 ஒன்று புறப்படும்போது எஞ்சினுக்குள் சிறு வல்லூறு ஒன்று புகுந்தது. விமானிகள் பிரேக் போட்டார்கள், பாதை போதவில்லை. விமானம் மூன்று துண்டானது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 21 அன்று நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுனில், தகுதிச் சுற்றில், ஃபன்னி கார் என்ற பிரிவில் ஓட்டிய ஸ்காட்டின் கார் எஞ்சின் வெடித்தது. பாராசூட் காரை நிறுத்தவில்லை. மணல் படுகையையும் தாண்டிப் போய் மோதியது கார். ஸ்காட் பிழைக்கவில்லை. அவருக்கு 46 வயது.

இரண்டு இடத்திலும் எஞ்சின்தான் முதலில் கெட்டது. ஆனால் கடைசியில் இல்லாமல் போனது, நிற்பதற்கான இடம். சில நாட்களில் ரேஸ் சங்கமான என்.எச்.ஆர்.ஏ. முடிவெடுத்தது: நைட்ரோமீத்தேனில் ஓடும் டாப் ஃப்யூயல், ஃபன்னி கார் இரண்டுக்கும் இனி 1,000 அடிதான். வெட்டிய 320 அடியை அந்தக் கார்கள் முக்கால் விநாடியில் கடந்துவிடும். பார்வையாளனுக்கு அது கண்ணிமைக்கும் நேரம். ஓட்டுநருக்கோ நிற்பதற்குக் கூடுதலாகக் கிடைத்த நூறு மீட்டர். மரபு போயிற்று என்று முணுமுணுத்த பழைய ரசிகர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதியில் யாரோ வகுத்த தூரம்தானே, வேதமா அது? தற்காலிகம் என்று சொன்ன மாற்றம் அப்படியே நிலைத்துவிட்டது.

கானியின் உடன்பிறந்தார் மகனான டக் கலிட்டா 1998 முதல் டாப் ஃப்யூயல் ஓட்டுகிறார். பட்டம் பலமுறை நூலிழையில் நழுவியது. 2023 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் முதல் சாம்பியன் பட்டம் வென்றார், ஆயிரம் அடித் தடத்தில்.